சேலத்துத் தண்ணீரில் நானோ வெள்ளி தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோர்க்கு

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் ‘கரைந்த உலோகம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வில் நீரை வடித்து, கீழே இறங்கியதையெல்லாம் ‘கரைந்தது’ என்று எழுதுவது ஆய்வுக்கூட வழக்கம். 0.45 மைக்ரோமீட்டர் என்பது 450 நானோமீட்டர். நானோ துகளின் அளவோ 1 முதல் 100 நானோமீட்டர் வரைதான். நாம் தேடுகிற பொருள் முழுவதும் அந்தச் சவ்வைத் தாண்டிப் போய், அறிக்கையில் ‘கரைந்தது’ கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதை அங்கிருந்து பிரித்தெடுப்பதுதான் வேலை.

இந்த வழிகாட்டி வெள்ளியை மையமாக வைத்து எழுதப்பட்டது. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன சேலத்தில் வேறு எதை முதலில் தேடுவது? டைட்டானியம், இரும்பு, தாமிரம் தேடுவோருக்கும் முறை பெரும்பாலும் இதேதான். மாறுகிற இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

‘ஆற்றில் நானோ துகள் இருக்கிறதா?’ என்று கேட்டால் பதில் எப்போதும் ‘இருக்கிறது’தான். களிமண், இரும்புத் துரு, மக்கிய இலையிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் எல்லாமே நானோ அளவில் எந்த ஆற்றிலும் மிதக்கும். வாகனப் புகையும் வெல்டிங் புகையும் அவற்றோடு சேரும். அதனால் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: ‘திருமணிமுத்தாற்றில் ஊருக்கு மேலே இருப்பதைவிட ஊருக்குக் கீழே வெள்ளித் துகள் கூடுதலா? எவ்வளவு?’ ஒரு பொருள், ஓர் ஆறு, இரண்டு மூன்று இடங்கள். முதல் ஆண்டுக்கு இது போதும்.

வெள்ளி எப்படித் தண்ணீருக்கு வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டறையில் அரம் போட்டு உதிரும் தூளை யாரும் சாக்கடையில் விடுவதில்லை. தரையைக் கூட்டிய மண்ணைக்கூட உருக்கி வெள்ளி எடுத்துவிடுவார்கள். அந்தத் தூள் நானோவைவிடப் பல மடங்கு பெரியதும்கூட. கவனிக்க வேண்டியது அமிலத்தில் போட்டுக் கழுவிய நீர். அதில் வெள்ளி அயனியாகக் கரைந்திருக்கும். வெயிலும் ஹியூமிக் அமிலமும் சேர்ந்தால் அயனி மீண்டும் உலோக வெள்ளியாகி நானோ துகளாக மாறும். சாக்கடையில் சல்பைடு இருந்தால் வெள்ளி சல்பைடுத் துகளாகிவிடும். அதாவது, ஆற்றில் கிடைக்கும் நானோ வெள்ளியை யாரும் நானோவாகத் தயாரித்திருக்க வேண்டியதில்லை. துர்நாற்றத்தைத் தடுக்க வெள்ளி பூசிய காலுறை, துணி வகைகளைத் துவைக்கும் நீரிலும் வெள்ளி வரும். எனவே ஆற்று நீரில் வெள்ளி தென்பட்டதும் பட்டறைக்காரர்களை நோக்கி விரல் நீட்டிவிடாதீர்கள்.

இடம்

குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும். மஞ்சவாடிப் பக்கம் மலையடிவாரத்தில், வீடுகளின் கழிவு சேர்வதற்கு முன் ஒன்று. நகரத்துக்குள் ஒன்று. நகரத்தைத் தாண்டி உத்தமசோழபுரம் அருகே ஒன்று. நான்காவதாக ஏற்காடு ஏரியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்காக அல்ல, இயற்கைத் துகள் எப்படித் தோன்றும் என்று கண்ணுக்கும் கருவிக்கும் பழக்கிவிட.

கோடையில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை நீர். ஐப்பசி மழையில் அதே இடத்தில் ஓடுவது செம்மண் கரைசல். இரண்டையும் ஒப்பிட்டு ‘மாசு குறைந்துவிட்டது’ என்று எழுதினால் தவறு. எல்லா இடங்களிலும் ஒரே நாளில் எடுங்கள். கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

புட்டியும் மாதிரி எடுப்பும்

பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. உலோகப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துப் பழகியவர்கள் கை தானாக நைட்ரிக் அமிலப் புட்டிக்குப் போகும். நானோ துகளுக்கு அது எமன். அமிலம் பட்டதும் வெள்ளித் துகள் கரைந்து அயனியாகிவிடும். பிறகு எந்தக் கருவியாலும் அதைத் துகளாகப் பார்க்க முடியாது.

தடித்த பாலிஎத்திலீன் புட்டிகள் வாங்குங்கள். முதலில் நன்றாகக் கழுவி, 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, மின்தடைத்திறன் 18.2 மெகா ஓம்-செ.மீ. உள்ள ஆய்வுக்கூடத் தூய நீரில் ஐந்து முறை அலசி, தூசி படாமல் கவிழ்த்து உலர்த்துங்கள். அமிலத்தைக் கலக்கும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பாட்டரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் இந்த வேலைக்கு உதவாது.

ஒவ்வோர் இடத்திலும் மூன்று புட்டிகள்:

அ புட்டி, 250 மி.லி.: எதுவும் சேர்க்கக் கூடாது. காற்றிடம் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, அலுமினியத் தாளில் சுற்றி, பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். துகளைத் தேடப் போவது இதில்தான்.

ஆ புட்டி, 250 மி.லி.: 0.5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் விட்டு, பி.ஹெச். தாளில் 2-க்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். சேலத்துத் தண்ணீரின் காரத்தன்மை அமிலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். இறங்கவில்லை என்றால் சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள். மொத்த வெள்ளியை அளக்க இது.

இ புட்டி, 100 மி.லி.: அ போலவே, சேமிப்புக்கு.

இவை தவிர ஒரு புட்டி தூய நீரை வீட்டிலிருந்தே கொண்டுபோய், ஆற்றங்கரையில் திறந்து, மற்றொரு புட்டியில் ஊற்றி மூடிக் கொண்டுவாருங்கள். இது வெற்று மாதிரி. இதில் வெள்ளி வந்தால் அது ஆற்றிலிருந்து வந்ததல்ல. உங்கள் கை, புட்டி, காற்று இவற்றிலிருந்து வந்தது. வெள்ளி மோதிரத்தையும் கொலுசையும் அன்றைக்கு வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

உறையவைக்காதீர்கள். பனிக்கட்டி உருவாகும்போது துகள்கள் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உருகினாலும் பிரியாது. 4 டிகிரியில், இருட்டில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் வடித்துவிடுங்கள்.

கரையிலேயே பி.ஹெச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன், கலங்கல் நான்கையும் அளந்து எழுதுங்கள். மின்கடத்துதிறன் இங்கே ஒப்புக்கு எழுதும் எண் அல்ல. துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் பெற்றிருப்பதால்தான் ஒன்றையொன்று தள்ளி மிதக்கின்றன. கால்சியம், மக்னீசியம் மிகுந்த கடின நீரில் அந்தத் தள்ளுவிசை அடங்கிப்போய், துகள்கள் கொத்தாகச் சேர்ந்து அடியில் இறங்கும். உப்புக் குறைந்த, இலைச்சாறு கலந்த நீரில் பல வாரங்கள்கூட மிதந்துகொண்டிருக்கும். இரண்டு இடங்களில் ஒரே அளவு வெள்ளி கலந்தாலும் நீரில் ஒரே அளவு துகள் கிடைக்காததற்கு இதுவே காரணம். கடின நீருள்ள இடத்தில் அடிச்சேற்றிலும் ஒரு மாதிரி எடுத்துவையுங்கள்.

லேசர் விளக்குச் சோதனை

கருவிக்கு அனுப்பும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியது இது ஒன்றுதான். 5 மில்லிவாட்டுக்கு மிகாத லேசர் விளக்கு, நான்கு கண்ணாடிக் குவளைகள், இருட்டறை. ஒன்றில் தூய நீர். அடுத்ததில் 200 மி.லி. தூய நீருடன் ஒரு சொட்டுப் பால், மூன்றாவதில் ஆற்று நீர், நான்காவதில் 0.45 மைக்ரோமீட்டரில் வடித்த ஆற்று நீர். பக்கவாட்டிலிருந்து ஒளியைப் பாய்ச்சி, மேலிருந்து பாருங்கள். கதிர் கண்ணில் படக் கூடாது. பால் விட்ட குவளையில் ஒளிக்கோடு பளிச்சென்று தெரியும். பாலின் கேசின் உருண்டைகள் பெரும்பாலும் 100 நானோமீட்டரைச் சற்றே தாண்டியவை. வடித்த ஆற்று நீரிலும் கோடு தெரிந்தால், ‘கரைந்தது’ என்று எண்ணியதில் துகள் இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்தாயிற்று.

அது வெள்ளியா, களிமண்ணா, சோப்பு நுரையா என்று லேசருக்குத் தெரியாது. கோடு தெரியவில்லை என்பதற்காகத் துகளே இல்லை என்றும் ஆகாது.

‘ஒரு வாரம் தெளியவைத்தேன், மேலே சுத்தமாகிவிட்டது’ என்பார்கள் சிலர். 50 நானோமீட்டர் வெள்ளித் துகள் அசைவற்ற நீரில் ஒரு நாளைக்கு இறங்குவது ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர். வெள்ளியே இப்படி என்றால் அடர்த்தி குறைந்த களிமண்ணைக் கேட்கவே வேண்டாம்.

வடிப்பது

அ புட்டியை மெதுவாக நாலைந்து முறை கவிழ்த்துக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் நுரை எழும். நுரை துகளை இழுத்துக்கொள்ளும். பிறகு படிப்படியாக:

1. 5 மைக்ரோமீட்டர் சவ்வு. மணலும் பாசியும் இதில் நின்றுவிடும்.
2. 0.45 மைக்ரோமீட்டர் சவ்வு. முதல் 10 மி.லி.யைக் கொட்டிவிட்டு அடுத்ததைச் சேகரியுங்கள். புதுச் சவ்வு தொடக்கத்தில் துகளையும் அயனியையும் உறிஞ்சிக்கொள்ளும்.
3. அதில் ஒரு பகுதியை 3 கிலோடால்டன் அல்ட்ரா வடிகட்டிக் குழாயில் இட்டு மையவிலக்கியில் சுழற்றுங்கள். இதன் துளை 1 முதல் 2 நானோமீட்டர் வரை. கீழே இறங்குவதுதான் உண்மையில் கரைந்தது.

இரண்டாம் படியில் கிடைத்த வெள்ளியிலிருந்து மூன்றாம் படியில் கிடைத்ததைக் கழித்தால் வருவது துகளின் பங்கு. பார்க்க எளிமையான கணக்கு, ஏமாற்றுவதும் இதுதான். அயனி வெள்ளி மூன்றாம் சவ்வில் ஒட்டிக்கொண்டால் கீழே குறைவாக வரும். கழித்தால் துகள் கூடுதலாகத் தெரியும். அதனால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தூய நீரில் தயாரித்து அதே குழாய் வழியே அனுப்புங்கள். 80 சதவீதமாவது கீழே வர வேண்டும். வரவில்லை என்றால் குழாயை அந்தக் கரைசலாலேயே இரண்டு மூன்று முறை அலசி, கடைசியாகத் தூய நீர் விட்டு, மீண்டும் பாருங்கள்.

சேறு கலந்த நீரில் இன்னொரு தொல்லை உண்டு. சவ்வின் மேல் சேறு படியப் படியத் துளை சுருங்கும், 0.45 என்று பெயர் போட்ட சவ்வு சற்று நேரத்தில் 0.1 போல நடந்துகொள்ளும். ஊசியை அழுத்தக் கை வலித்தால் சவ்வை மாற்றுங்கள். விலையைப் பார்த்து ஒரே சவ்வில் மூன்று மாதிரி வடிப்பதைப் போன்ற வீண் சிக்கனம் வேறில்லை.

அடர்த்தியாக்குவது

ஆற்று நீரில் நானோ வெள்ளி லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் எதிர்பார்க்க வேண்டும். அதைத் திரட்ட முகில்நிலைப் பிரித்தெடுப்பு என்றொரு முறை உண்டு. 40 மி.லி. நீர் எடுத்து, 1 மோலார் சோடியம் தயோசல்பேட் 0.4 மி.லி. சேருங்கள், இது அயனி வெள்ளியைப் பிடித்து நீரிலேயே நிறுத்திவைக்கும். ட்ரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு வகைப் பொருளின் 10 சதவீதக் கரைசல் 0.8 மி.லி. விட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் பி.ஹெச்.சை 3-க்கு அருகே கொண்டுவாருங்கள். 40 டிகிரி நீர்த்தொட்டியில் 30 நிமிடம் வைத்து, மையவிலக்கியில் சுழற்றினால் அடியில் எண்ணெய் போல ஒரு துளி சேரும். துகள் அதில் இருக்கும்.

இந்தச் சோப்பு 23 டிகிரி அளவிலேயே கலங்கத் தொடங்கும். சித்திரை மாதம் சேலத்து அறையில் அது கலப்பதற்கு முன்பே பிரிந்து நிற்கும். அப்படியே எடுத்து ஊற்றினால் அளவு தப்பும். சோப்புக் கரைசலையும் மாதிரியையும் பனிக்கட்டியில் குளிர்வித்து, தெளிவாக இருக்கும்போது கலந்து, அதன்பிறகே சூடாக்குங்கள். வெள்ளி சல்பைடுத் துகளும் இதில் வரக்கூடும் என்பதால், கிடைத்ததெல்லாம் உலோக வெள்ளி என்று எழுதிவிட வேண்டாம்.

கருவிகள்

எந்தக் கருவி எங்கே கிடைக்கும் என்று தேட, இந்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்த கருவிகளின் பட்டியல் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் மையம் வெளியாருக்கும் மாதிரி பார்த்துத் தரும். கல்லூரி மாணவர்கள் முதலில் தங்கள் துறை வழியே பெரியார் பல்கலைக்கழகத்தில் கேட்பது அலைச்சலைக் குறைக்கும்.

யு.வி. நிறமாலைமானி பல கல்லூரிகளில் இருக்கும். உருண்டை வடிவ நானோ வெள்ளி 400 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். தங்கம் 520 அருகே. ஆனால் அதற்குத் தெரிவது லிட்டருக்கு மில்லிகிராம் அளவில்தான். ஆற்று நீரை நேரடியாக வைத்துப் பார்ப்பது வீண். நீங்களே தயாரித்த வெள்ளிக் கரைசல் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிச்சிதறல் மூலம் துகள் அளவைச் சொல்லும் டி.எல்.எஸ். கருவியும் அப்படியே. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடும். ஒரு 100 நானோமீட்டர் துகள் பத்து லட்சம் 10 நானோமீட்டர் துகள்களுக்குச் சமமாக ஒளிரும். நாலு தூசி விழுந்தால் கருவி தூசியின் அளவைத்தான் சொல்லும். ஆற்று நீருக்கு அது தரும் ஒற்றை எண்ணை அறிக்கையில் போடாதீர்கள்.

இந்த வேலைக்கு உரியது, மாதிரியைச் சூடான பிளாஸ்மாவில் எரித்து அணுக்களை நிறைவாரியாக எண்ணும் ஒற்றைத் துகள் ஐ.சி.பி.-எம்.எஸ். 2003-இல் க்ளோட் டெகெல்ட்ரே குழுவினர் முன்வைத்த முறை. நீரை மிகவும் நீர்த்து உள்ளே விட்டால், பிளாஸ்மாவில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக எரிந்து ஒரு மின்துடிப்பு தரும். துடிப்பின் எண்ணிக்கை துகளின் எண்ணிக்கை. உயரம் துகளின் நிறை. கரைந்த வெள்ளி துடிப்பில்லாத, தொடர்ச்சியான அடிமட்டக் குறிகையாகத் தெரியும். வடிகட்டிக் கழிக்கும் கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கருவியை இயக்குபவர் வேறொருவராக இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. உள்ளே தெளிக்கும் நீரில் எத்தனை சதவீதம் பிளாஸ்மாவை அடைகிறது என்று 60 நானோமீட்டர் தங்கத் துகள் தரப்பொருளை வைத்து அளந்தார்களா? சாதாரணத் தெளிப்பானில் அது சில சதவீதம்தான். அதை ஊகித்து எழுதினால் துகளின் எண்ணிக்கை அதே விகிதத்தில் தப்பும். அடுத்தது நீர்ப்பு. 50 நானோமீட்டர் வெள்ளித் துகள் ஒன்றின் நிறை சுமார் 0.69 ஃபெம்டோகிராம், லிட்டருக்கு 1 நானோகிராம் என்றாலே ஒரு மி.லி.யில் சுமார் 1,450 துகள்கள். கருவி நேரத்தைச் சிறு சாளரங்களாக வெட்டி எண்ணும்; ஒரு நிமிட ஓட்டத்தில் 5 மில்லிவினாடிச் சாளரங்கள் 12,000. அவற்றில் பத்தில் ஒன்றுக்கு மேல் துடிப்பு இருந்தால் இரண்டு துகள்கள் ஒரே சாளரத்தில் சேர்ந்து ஒரு பெரிய துகளாகக் காட்டும். பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்: எண்ணிக்கை பத்தில் ஒன்றாக வேண்டும், அளவு மாறக் கூடாது. அளவும் சுருங்கினால் முதல் ஓட்டம் செல்லாது.

மூன்றாவது, சிர்க்கோனியம். பாறைத் தூளில் இருக்கும் சிர்க்கோனியம் ஆக்சிஜனோடு சேர்ந்து 107 என்ற நிறையில் வெள்ளியைப் போல நடிக்கும். வெள்ளிக்கு 107, 109 என இரண்டு ஐசோடோப்புகள், 51.8-க்கு 48.2 என்ற பங்கில். இரண்டிலும் தனித்தனியே ஓட்டி, விகிதம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கடைசியில் வையுங்கள். கார்பன் படலத் தட்டில் ஒரு சொட்டை உலர்த்தினால் உப்புகள் படிகமாகி அழகழகான நானோ வடிவங்களாகத் தோன்றும். அவற்றைப் படம் எடுத்துக் கொண்டாடியவர்கள் நிறையப் பேர். சொட்டை வைத்துப் பத்து நிமிடத்தில் வடிதாளால் ஒற்றி, தூய நீரால் ஒருமுறை அலசி உலர்த்துங்கள். தாமிரம் தேடும்போது தாமிரத் தட்டைப் பயன்படுத்தக் கூடாது. நிக்கல் தட்டு கேளுங்கள். எக்ஸ்-கதிர் நிறமாலையில் டைட்டானியமும் பேரியமும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கோடு போடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இயற்கையா, மனிதர் விட்டதா?

வெள்ளியில் இந்தக் கேள்வி எளிது. சேலத்து மண்ணில் வெள்ளி மிகக் குறைவு. டைட்டானியத்தில்தான் வழுக்கும். ஏற்காடு ஏரியில் டைட்டானியம் டை ஆக்சைடுத் துகள் கிடைத்ததும் ‘சுற்றுலாப் பயணிகள் பூசிய சன்ஸ்கிரீன்’ என்று எழுதத் தோன்றும். சேர்வராயன் மலையின் தலையில் இருப்பது பாக்சைட். பாக்சைட்டில் டைட்டானியம் இயல்பாகவே அனடேஸ் என்ற டைட்டானியம் டை ஆக்சைடுக் கனிம வடிவில் சேர்ந்திருக்கும். மழை ஒவ்வொரு முறையும் அதைக் கழுவி இறக்குகிறது. இரும்பு ஆக்சைடும் அப்படித்தான். மலைச் செம்மண்ணின் நிறமே அதுதான்.

பிரித்தறிய உதவுவது துணைத் தனிமங்கள். இயற்கை டைட்டானியத்தோடு நயோபியம் ஒட்டிக்கொண்டே வரும். புவி மேலோட்டில் நயோபியம் ஒரு பங்குக்கு டைட்டானியம் சராசரி 320 பங்கு. சுத்திகரித்துத் தயாரித்த வெள்ளைத் தூளில் நயோபியம் ஏறக்குறைய இருக்காது. சீரியத்துக்கு லாந்தனம் அதேபோல. மேலோட்டில் சீரியம் சுமார் இரண்டு மடங்கு. உலக சராசரியை நம்பி நிற்காமல் ஏரிக்கு மேலே உள்ள சரிவில் ஐந்து இடங்களில் மண் எடுத்து உள்ளூர் விகிதத்தை அளந்துகொள்ளுங்கள். பாக்சைட் மண் சராசரிக்கு அடங்காது. பிறகு மே மாதக் கோடை விழாவுக்கு முன்னும் பின்னும் ஏரி நீரில் விகிதம் ஏறுகிறதா என்று பாருங்கள். டைட்டானியத்தின் மொத்த அளவுக்கு நைட்ரிக் அமிலம் போதாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். தோலைத் தாண்டி எலும்புவரை போகும் நஞ்சு அது. பயிற்சி பெற்ற ஆய்வுக்கூடத்திடம் விட்டுவிடுங்கள்.

கருப்பூர்ப் பக்கம் மாக்னசைட் சுரங்கப் பகுதியில் நிக்கலும் குரோமியமும் தேடுவோருக்கும் இதே எச்சரிக்கை. அங்கே அடியில் இருக்கும் டியூனைட் பாறையிலேயே இரண்டும் உண்டு.

நானோ யூரியாவைப் பற்றியும் கேட்பார்கள். மேலே சொன்ன முறைகள் உலோகத்துக்கு உரியவை. தெளித்த யூரியாவை அவை காட்டாது.

எழுதுவது

வெற்று மாதிரியைக் குறைந்தது ஏழு முறை அளந்து, சராசரியோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் வருவது உங்கள் கண்டறியும் எல்லை. அதற்குக் கீழே வந்த மாதிரிக்குச் சுழியம் என்று எழுதாமல், ‘எல்லைக்குக் கீழ்’ என்று எல்லையின் எண்ணோடு எழுதுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் நிறையையும் எண்ணிக்கையையும் தனித்தனியே கொடுங்கள். சிறு துகள் ஆயிரம் இருந்தாலும் நிறையில் தெரியாது. குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 வெள்ளிக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அது மொத்த வெள்ளிக்கானது, குடிநீருக்கானது. துகள் எண்ணிக்கையை அதோடு ஒப்பிட்டு ‘பாதுகாப்பானது’ என்றோ ‘ஆபத்து’ என்றோ போட இடமில்லை.

இ புட்டிகளைக் குளிர்பெட்டியில் மூன்று மாதம் வையுங்கள். துகள் கணக்குக்கு அவை அதற்குள் கெட்டுவிடும். ஆனால் மொத்த வெள்ளியில் சந்தேகம் எழுந்தால், புட்டியோடு சேர்த்தே அமிலம் விட்டு, சுவரில் ஒட்டியதையும் கரைத்து அளக்கலாம். குளோரைடு மிகுந்த நீரானால் வெள்ளி குளோரைடாகப் படிந்திருக்கும். நைட்ரிக் மட்டும் போதாது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிகுதியாகச் சேர்ந்த இராஜ திராவகம் வேண்டும்.